தப்பு நடந்துவிட்டதா? முதல் அரை மணி நேரம் முக்கியம்

2017 ஜனவரி 31. மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் இணையச் சேவைகளில் ஒன்று கிட்லாப். அதன் பொறியாளர் ஒருவர் இரவு 11 மணி வாக்கில் வேலையை முடித்துக் கிளம்பவேண்டிய நேரம். டேட்டாபேஸ் மக்கர் செய்ததால் உட்கார்ந்துவிட்டார். இரண்டு சர்வர்கள். ஒன்று வாடிக்கையாளர்களுக்கு நேரடியாகச் சேவை தருவது, இன்னொன்று அதன் நகல். நகல் ஒத்துழைக்கவில்லை. அதிலிருக்கும் கோப்புகளைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று அழிக்கும் கட்டளையைத் தட்டினார். ஓரிரு விநாடிகளில் உறைத்தது: தட்டியது நகல் சர்வரில் இல்லை, நேரடி சர்வரில். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் மிஞ்சியது 4.5 ஜிபி.

சரி, பேக்கப் இருக்குமே? இருந்தது, பெயருக்கு. ஐந்து விதமான ஏற்பாடுகள் செய்து வைத்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் எதையும் நம்ப முடியவில்லை. தினசரி பேக்கப் எடுக்கும் மென்பொருளின் பதிப்பு டேட்டாபேஸின் பதிப்போடு பொருந்தாததால், அது சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. கடைசியில் காப்பாற்றியது ஒரு தற்செயல். விபத்துக்கு 6 மணி நேரம் முன்பு, அதே பொறியாளர் வேறொரு சோதனைக்காகத் தன் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதி. அதை வைத்து மீட்டார்கள். இடைப்பட்ட 6 மணி நேரத் தரவு போனது போனதுதான்.

இதற்குப் பிறகு நடந்தவைதான் வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியவை. அந்த நிறுவனம் என்ன நடந்தது, யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று எல்லோரும் படிக்கும்படி ஒரு பொது ஆவணத்தில் அப்போதைக்கப்போதே எழுதியது. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டியது. கட்டளையைத் தட்டிய பொறியாளர் உடனே சொன்னார். ‘இன்று இதற்கு மேல் நான் சர்வரில் கை வைக்காமல் இருப்பதே நல்லது’ என்று மீட்கும் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைத்தார். அதுவும் அந்த ஆவணத்தில் பதிவாகியிருக்கிறது. அவரை வேலையைவிட்டு நீக்கவில்லை.

‘தோல்வியைக் கொண்டாடு’ என்று மேடையில் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. மாதம் பிறந்தால் இஎம்ஐ கட்ட வேண்டியவருக்குத் தோல்வியில் கொண்டாட ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு விஷயம் நிச்சயம்: கணினியோடு வேலை செய்கிற எவரும் தப்பு செய்யாமல் ஓய்வு பெறப்போவதில்லை. பழைய காலத்து கிளார்க் ஒரு லெட்ஜரில் ஒரு வரியைத் தப்பாக எழுதுவார். இன்று அதே மாதிரி ஒரு சறுக்கல் ஒரே நேரத்தில் லட்சக்கணக்கான இயந்திரங்களைத் தொடும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பழுதான அப்டேட் ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் ஊர் விமான நிலையங்களில்கூட அன்று போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தப்பின் வீச்சு இப்படிப் பெருகிவிட்ட காலத்தில், தப்பே செய்யாதவரைத் தேடுவது வீண். தப்பு நடந்ததும் சரியாக நடந்துகொள்ளத் தெரிந்தவர்தான் நிறுவனத்துக்குத் தேவை.

எனவே முதல் அரை மணி நேரத்திலிருந்து ஆரம்பிப்போம்.

தப்பு நடந்தது தெரிந்தவுடன் கை தானாக அடுத்த காரியத்தைச் செய்யப் பார்க்கும். யாருக்கும் தெரிவதற்குள் சரிசெய்துவிடலாம் என்ற துடிப்பு. சின்ன தப்பு பெரிய விபத்தாவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். பதற்றத்தில் ஓட்டிய இரண்டாவது கட்டளை, மறைப்பதற்காக அழித்த லாக், அவசரத்தில் வாடிக்கையாளருக்கு அனுப்பிய ‘முந்தைய மின்னஞ்சலைப் பொருட்படுத்த வேண்டாம்’ என்ற மின்னஞ்சல். இப்படிப்பட்ட எதையும் செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்துங்கள், மற்றதைத் தொடாதீர்கள். திரையில் இருப்பதை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மணியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு சொல்லுங்கள். எப்படிச் சொல்வது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘சார், ஒரு சின்ன இஷ்யூ, ஃப்ரீயா இருக்கும்போது பேசலாமா?’ என்று ஒரு மெசேஜ் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். மேனேஜர் மீட்டிங்கில் இருப்பார். ‘சின்ன இஷ்யூ’ என்றால் யார் எழுந்து வருவார்கள்? இப்படி எழுதிப் பாருங்கள்:

‘சார், 4.10க்கு நான் ஓட்டின ஸ்கிரிப்ட் டெஸ்ட்டுக்குப் பதிலா லைவ்ல ஓடிடுச்சு. இன்னைக்குப் பதிவான ஆர்டர்கள்ல விலை மாறியிருக்கு. எத்தனை ஆர்டர்னு இன்னும் தெரியல, பார்த்துட்டிருக்கேன். ஸ்கிரிப்டை நிறுத்திட்டேன், வேற எதையும் தொடல. 2 மணி பேக்கப் இருக்கு. அதை ரெஸ்டோர் பண்ணலாமான்னு நீங்க சொல்லணும். பில்லிங் டீமுக்கு இப்பவே சொல்லிடட்டுமா?’

இதில் என்ன நடந்தது, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, எது தெரியாது, என்ன செய்து நிறுத்தியாயிற்று, என்ன முடிவு வேண்டும் என்று ஐந்தும் இருக்கின்றன. மன்னிப்பு இல்லை, காரணம் இல்லை, ‘நெட்வொர்க் ஸ்லோவா இருந்துச்சு சார்’ இல்லை. மன்னிப்பு மாலையில் கேட்கலாம். அந்த நேரத்தில் மேலதிகாரிக்கு உங்கள் வருத்தத்தால் ஒரு பயனும் இல்லை, தகவல்தான் வேண்டும். ‘எத்தனை ஆர்டர்னு இன்னும் தெரியல’ என்ற வரியை மறுபடி பாருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னவரின் மற்ற வரிகளை நம்பி முடிவெடுக்கலாம். நான்கு ஆர்டர்தான் என்று குத்துமதிப்பாகச் சொல்லி, பிறகு அது நானூறு என்று தெரியவந்தால், அன்றிலிருந்து நீங்கள் சொல்லும் எல்லாக் கணக்கையும் அவர் இரண்டு முறை சரிபார்ப்பார்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கில் நடந்த ஒரு வழக்கு நல்ல சாட்சி. அவியாங்கா விமானத்தில் சாப்பாட்டு வண்டி முழங்காலில் இடித்துவிட்டது என்று ஒரு பயணி வழக்குப் போட்டிருந்தார். அவருடைய வக்கீல் தரப்பு 2023 மார்ச்சில் தாக்கல் செய்த மனுவில், சாட்ஜிபிடி தந்த முன்தீர்ப்புகள் மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. அவற்றில் பல எந்த நீதிமன்றத்திலும் வழங்கப்படாத தீர்ப்புகள், இயந்திரம் இட்டுக்கட்டியவை. எதிர்த்தரப்பு அதே மாதத்தில், ‘இந்த வழக்குகள் எங்களுக்குக் கிடைக்கவில்லையே’ என்று எழுத்துமூலம் சொன்னது. அப்போதே ‘தவறு நடந்துவிட்டது’ என்றிருக்கலாம். அதற்குப் பதிலாக, இந்த வழக்குகள் நிஜமா என்று சாட்ஜிபிடியிடமே கேட்டார்கள். அது நிஜம்தான் என்றது. நீதிமன்றம் தீர்ப்பின் பிரதிகளைக் கேட்டபோது, சாட்ஜிபிடியே எழுதிக் கொடுத்த ‘தீர்ப்புகளை’ ஏப்ரலில் தாக்கல் செய்தார்கள். ஜூன் மாதம் 5,000 டாலர் அபராதம் விதித்த நீதிபதி கெவின் காஸ்டல், கருவியைப் பயன்படுத்தியதில் தப்பில்லை என்றார். மார்ச்சிலேயே உண்மையை ஒப்புக்கொண்டிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்ற பொருளிலும் எழுதினார். அபராதத் தொகை பெரிதில்லை. உலகம் முழுக்க அவர்கள் பெயர் பரவியதுதான் பெரிய தண்டனை.

ஏஐ கருவியை வைத்து வேலை செய்கிறவர்கள் இந்த வழக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கருவி சொன்னதைக் கருவியிடமே சரிபார்க்காதீர்கள். அது தந்த நிரலை ஓட்டிப் பாருங்கள், அது தந்த ஜிஎஸ்டி விதியை அரசின் தளத்தில் பாருங்கள், அது தந்த கணக்கை எக்செலில் போடுங்கள். கீழே கையெழுத்துப் போடப்போவது நீங்கள்.

அடுத்து, தீயை அணைத்த பிறகான வேலை. பெரும்பாலான அலுவலகங்களில் இந்த வேலையே நடப்பதில்லை. பிரச்சினை தீர்ந்ததும் ஆளுக்கு ஒரு டீ குடித்துவிட்டு, ‘இனிமே பார்த்துப் பண்ணுங்கப்பா’ என்று முடித்துவிடுகிறார்கள். இதைவிடப் பயனற்ற தீர்வு கிடையாது. பார்த்துப் பண்ணாததால் யாரும் தப்பு செய்வதில்லை. பார்த்துப் பண்ணியும்தான் நடக்கிறது.

2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்பகச் சேவை அமெரிக்காவில் சில மணி நேரம் விழுந்தது. எண்ணற்ற தளங்கள் அதோடு விழுந்தன. காரணம், அனுமதி பெற்ற ஊழியர் ஒருவர், எழுதி வைத்த வழிமுறைப்படியே ஒரு கட்டளையைக் கொடுக்கும்போது அதில் ஓர் உள்ளீடு தப்பாக விழுந்தது. சில சர்வர்களை எடுக்கப்போய், நிறைய சர்வர்கள் போய்விட்டன. அமேசான் வெளியிட்ட விளக்கத்தில் ஊழியர்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று எழுதவில்லை. ஒரே அடியாக இத்தனை சர்வர்களை எடுக்க இந்தக் கருவி ஏன் அனுமதித்தது என்று கேட்டார்கள். இனிமேல் மெதுவாகத்தான் எடுக்கும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகவே விடாது என்று கருவியை மாற்றினார்கள். இன்னொன்றும் வெளிவந்தது: சேவை எப்படி இருக்கிறது என்று வாடிக்கையாளருக்குக் காட்டும் பக்கமும் எஸ்3-ஐ நம்பியே இருந்ததால், அதிலும் நிலவரத்தை மாற்ற முடியாமல் தவித்திருக்கிறார்கள்.

இது பெரிய கம்பெனிகளின் கதை மட்டும் இல்லை. நெஃப்ட்டில் பணம் அனுப்பி அனுபவப்பட்ட அக்கவுண்ட்ஸ்காரர்களுக்குத் தெரியும். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் பணம் வேறு யாருக்கோ போய்விடும். பெயர் பொருந்துகிறதா என்று எந்திரம் பார்க்காது. வருஷக்கணக்காக, ‘நம்பரை ஒழுங்காப் பார்க்கலையா?’ என்று திட்டு வாங்கியது அனுப்பியவர்தான். கணக்கு எண்ணைக் கொடுத்தால் அந்தக் கணக்குதாரரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் கொண்டுவர வேண்டும் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. திட்டி முடியாத வேலையைத் திரையில் ஒரு பெயர் செய்துவிடுகிறது.

ஆகவே தப்பு நடந்த இரண்டு நாளுக்குள், நினைவு பச்சையாக இருக்கும்போதே, ஒரு பக்கம் எழுதுங்கள். மென்பொருள் உலகில் இதைப் போஸ்ட்மார்ட்டம் என்பார்கள். மணிவாரியாக நடந்ததை எழுதுங்கள். அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது, திரையில் என்ன தெரிந்தது, ஏன் அது சரியான முடிவாகப் பட்டது என்பதை எழுதுங்கள். இதுதான் மிகவும் கடினமான பகுதி. விளைவு தெரிந்த பிறகு எல்லாம் முட்டாள்தனமாகத் தெரியும். அந்த நிமிடத்தில் அப்படித் தெரிந்திருக்காது. பெயர்களுக்குப் பதில் பொறுப்புகளை எழுதுங்கள்: ‘டெவலப்பர்’, ‘ஷிஃப்டில் இருந்தவர்’. கடைசியில், இதே ஆள் இதே களைப்பில் நாளைக்கு வந்தாலும் இந்தத் தப்பு நடக்காமல் இருக்க எதை மாற்ற வேண்டும் என்று ஒரே ஒரு யோசனையாவது எழுதுங்கள். அது சின்னதாக இருக்கலாம். கிட்லாப் தன் பட்டியலில் எழுதிக்கொண்டவற்றில் ஒன்று, நேரடி சர்வரின் கட்டளைத் திரையில் சிவப்பு, சோதனைச் சர்வரில் மஞ்சள் என்று நிறத்தை வேறுபடுத்துவது. செலவில்லாத மாற்றம்.

சின்ன அறிகுறிகளையும் இதே பக்கத்தில் சேருங்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனம் சுமார் 45 நிமிடங்களில் 46 கோடி டாலருக்கு மேல் இழந்தது. எட்டு சர்வர்களில் ஏழில் புதிய நிரல் ஏறியிருந்தது, ஒன்றில் ஏறவில்லை. அதில் கிடந்த பழைய நிரல் உயிர்பெற்று ஆர்டர்களைக் கொட்டித் தள்ளியது. அன்று காலை சந்தை திறப்பதற்கு முன்பே அந்த நிறுவனத்தின் கணினிகள் பிழையைச் சுட்டி 97 தானியங்கி மின்னஞ்சல்களை ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தன. யாரும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. உங்கள் இன்பாக்ஸில் படிக்காமலே ஃபோல்டருக்குப் போகும்படி நீங்கள் செட் செய்து வைத்திருக்கும் எச்சரிக்கைகள் எத்தனை?

இனி, தப்பு இன்னும் நடக்காத பக்கம்: நிச்சயமின்மை. ‘எந்த கோர்ஸ் படிச்சா அஞ்சு வருஷத்துக்கு வேலை நிலைக்கும்?’ என்று கேட்காத தகப்பன்மார் இன்று இல்லை. யாருக்கும் தெரியாது என்பதே நேர்மையான பதில். தெரியும் என்று விளம்பரம் செய்கிறவர் கோர்ஸ் விற்கிறார். தெரியாது என்றாலும் ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

அதை இஸ்ரோவிடம் கற்றுக்கொள்ளலாம். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டர் இறங்கும் கடைசிக் கட்டத்தில் தடம் மாறி விழுந்தது. எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்தியதால் பிழைகள் சேர்ந்துகொண்டே போயின, அவற்றை வேகமாகத் திருத்த மென்பொருளில் இடமில்லை, இறங்க வேண்டிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர் கட்டம் என்று பின்னர் விளக்கினார்கள். சந்திரயான்-3க்கு அந்தக் கட்டத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். கால்களை வலுவாக்கினார்கள். வேகத்தை அளக்க இன்னொரு கருவி சேர்த்தார்கள். எது சரியாக நடந்தால் வெற்றி என்று கணக்குப் போடாமல், எது எது கெட்டுப்போனாலும் இறங்க முடியும் என்று கணக்குப் போட்டார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கியது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், பாலிடெக்னிக் டிப்ளமோவில் ஆரம்பித்தவர் என்பதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்த 4 கிலோமீட்டரையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகளுக்கு இன்னும் பயனாக இருக்கும்.

உங்கள் வேலைவாழ்க்கையில் இறங்கும் இடத்தை விரிப்பது என்றால் என்ன? முதலாவது, பணம். ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு இருப்பவரால் ‘எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்கிறேன்’ என்று மீட்டிங்கில் சொல்ல முடியும். சம்பளத்தில் பாதிக்கு மேல் ஃபிளாட் இஎம்ஐக்குப் போகிறவரால் முடியாது. அவருடைய கட்டம் 500 மீட்டர்தான். இன்றைய சம்பளம் இருபது வருஷம் ஏறிக்கொண்டே போகும் என்று நம்பிக் கடன் வாங்குவது, ஐடியில் இருக்கிறவர்கள் எடுக்கும் முடிவுகளிலேயே மிகவும் துணிச்சலானது. அதை யாரும் துணிச்சல் என்று நினைப்பதில்லை என்பதுதான் வேடிக்கை.

இரண்டாவது, திரும்பி வரக்கூடிய முடிவுகளையும் வரமுடியாத முடிவுகளையும் பிரிப்பது. அமேசானின் ஜெஃப் பெசோஸ் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் இவற்றை ஒருவழிக் கதவு, இருவழிக் கதவு என்று பிரித்தார். புதிய கருவி ஒன்றை உங்கள் வேலையில் ஒரே ஒரு பகுதியில் இரண்டு வாரம் போட்டுப் பார்ப்பது இருவழிக் கதவு. யோசிக்காமல் செய்யுங்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். கையில் ஆஃபர் இல்லாமல் பேப்பர் போடுவது, பத்து லட்சம் கடன் வாங்கி வெளிநாட்டு எம்எஸ் போவது பெரும்பாலும் ஒருவழிக் கதவு. அதற்கு மாதக்கணக்கில் யோசியுங்கள், அந்த ஊரில் இருக்கும் சீனியர்களிடம் பேசுங்கள். நான் பார்த்தவரை நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒரு இலவசக் கருவியைத் தொட்டுப் பார்க்க ஒரு வருஷம் தயங்குகிறார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் சொன்னார் என்று ஒரே வாரத்தில் வேலையை விடுகிறார்கள்.

ஒரு சந்தேகம் எழும். ‘இதெல்லாம் நல்ல கம்பெனிக்குச் சரி. எங்க மேனேஜர்கிட்ட தப்பை ஒத்துக்கிட்டா அப்ரைசல்ல வெச்சு செஞ்சுடுவாரு.’ நியாயமான பயம். அப்படிப்பட்ட இடங்கள் நிறைய உண்டு. அங்கேயும் மறைப்பதைவிடச் சொல்வது பாதுகாப்பானது, ஆனால் சொல்லும் விதம் மாற வேண்டும். வாயால் சொன்னதை உடனே மெயிலிலும் போடுங்கள். வருத்தத்தைக் குறைத்து, மணியும் விவரமும் அதிகமாக எழுதுங்கள். நீங்கள் முன்பே கொடுத்த எச்சரிக்கைகள் இருந்தால் தேதியோடு சேருங்கள். லாக் எல்லாவற்றையும் சொல்லிவிடும் காலத்தில், மற்றவர் கண்டுபிடித்த தப்புக்கும் நீங்களே சொன்ன தப்புக்கும் எங்கும் ஒரே தண்டனை கிடைப்பதில்லை. பிறகு, நிதானமாக வேறு வேலை தேடுங்கள்.

நீங்களே டீம் லீட் என்றால், ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் கண்டதைத் தெரிந்துகொள்ளுங்கள். நன்றாக இயங்கும் குழுக்களில் மருந்து கொடுப்பதில் தப்புகள் குறைவாக இருக்கும் என்று நினைத்துத்தான் அவர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். கணக்கெடுத்தால், நல்ல குழுக்களில்தான் தப்புகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே மற்ற இடங்களைவிட அதிகமாகத் தப்பு செய்தார்கள் என்பதில்லை. தப்பைப் பற்றிப் பேசப் பயப்படவில்லை. உங்கள் டீமில் ஆறு மாதமாக ஒரு தப்பும் உங்கள் காதுக்கு வரவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள், கவலைப்படுங்கள். அமெரிக்க விமானத்துறையில் 1976 முதல் நாசா நடத்தும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. விமானி தெரியாமல் செய்த விதிமீறலைப் பத்து நாட்களுக்குள் தானே எழுதிக் கொடுத்தால், பொதுவாக அபராதமோ உரிமத் தடையோ விழாது. விபத்தும் குற்றச்செயலும் இதில் சேராது. உயிரோடு விளையாடுகிற துறையே இப்படி நடத்த முடிகிறது என்றால், ஈ-காமர்ஸ் தளத்தில் விலை மாறியதற்கு ஒரு பையனை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துத் திட்ட வேண்டியதில்லை.

கடைசியாக நேர்காணல். ‘நீங்கள் செய்த பெரிய தப்பு என்ன?’ என்ற கேள்விக்கு, ‘நான் ரொம்ப பர்ஃபெக்‌ஷன் பார்ப்பேன், அதுதான் என் குறை’ என்று சொல்லும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். நேர்காணல் எடுப்பவர் அந்தப் பதிலை அன்று காலையிலேயே நான்கு பேர் வாயிலிருந்து கேட்டிருப்பார். நிஜமான ஒரு தப்பு, அது நடந்த நேரம், நீங்கள் முதலில் யாரிடம் சொன்னீர்கள், அதற்குப் பிறகு எது மாறியது. இரண்டு நிமிடத்தில் இதைச் சொல்கிறவரைத்தான் நேரடி சர்வரின் பாஸ்வேர்டைக் கொடுத்து நம்புவார்கள். அந்த ஒரு பக்கத்தை இந்த வாரமே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.